குற்றாலத் தண்ணீரில் தணியாத சூடு

எங்கள் நாய் ராஜாவுக்கு ஒன்பது வயது. போன வருடம் சாரல் நேரத்தில் அவன் சிறுநீரில் ரத்தச் சொட்டுகளைப் பார்த்தேன். ஓய்வுபெற்ற போலீஸ்காரரான என் கணவர், "சூடுதான் ஏட்டி. குத்தாலத் தண்ணில நாலு நாள் குளிச்சா சரியாப் போகும்" என்றார். அருவித் தண்ணீர் ஓடிவரும் ஓடையில் தினமும் குளிப்பாட்டினோம். ஐந்தாம் நாள் ராஜா வெளிக்குப் போக முடியாமல் முக்கி முனகினான்.

பயந்துபோய் தென்காசியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"இது சூடு இல்லக்கா, மூத்திரப்பைக்குக் கீழ இருக்கிற புரோஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கு. விதைய எடுத்து கருத்தடை ஆபரேஷன் பண்ணுனா சுருங்கிரும்" என்றார் அந்தப் பெண் மருத்துவர்.

என் கணவருக்கு முகம் கறுத்துவிட்டது. "வயசான காலத்துல போயி அறுக்கச் சொல்லுதியளே, மயக்க மருந்தத் தாங்குவானா?"

"ரத்தம், நெஞ்சு எல்லாம் பாத்துட்டுத்தான் செய்வேன் அண்ணாச்சி. பயம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இப்படியே விட்டா இன்னும் பயம்."

இரண்டு நாள் வீட்டில் அதே பேச்சுதான். ராஜா இளவட்டமாக இருந்தபோது கருத்தடைப் பேச்சு வந்ததும், "ஆம்பள நாய்க்கு எதுக்கு?" என்று தட்டிக்கழித்தோம். இப்போது, "வயசாயிட்டே" என்கிறோம். இரண்டு தடவையும் எங்கள் கூச்சம்தான் பேசியிருக்கிறது. ராஜாவின் வலியை யாருமே கேட்கவில்லை. அது உறைத்ததும் பரிசோதனைக்குக் கூட்டிப்போனோம். எல்லாம் சரியாக இருந்ததால் ஆபரேஷனும் நடந்தது. சில வாரங்களில் ரத்தம் நின்றது, முனகலும் நின்றது.

இப்போதெல்லாம் அவனுக்குச் சின்னச் சுணக்கம் என்றாலும் நேரே மருத்துவரிடம்தான் போகிறோம். இந்தச் சாரலுக்கும் ராஜாவை ஓடைக்குக் கூட்டிப்போனோம், குளிக்க மட்டும்.