கலீனாவுக்குப் போட்ட மாலை

மெல்பேர்னின் டண்டினொங் சந்தையில் பன்னிரண்டு பூக்கள் உள்ள கொத்தை வாங்கினால், அதில் ஒன்றை உருவி என் கையில் தந்துவிடுவாள் கலீனா. காரணம் கேட்டால், "பதினொன்றுதான் நல்லது" என்பாள். பிஸ்கற் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்குகிற ரஷ்யக்காரி. மூளை கொஞ்சம் கழன்றவள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவள் கவிஞர் என்று தெரியவர ஒரு வருடம் பிடித்தது. கிழிந்த பிஸ்கற் மட்டையில் எதையோ எழுதிக்கொண்டேயிருப்பாள். அவளுடைய நாட்டில் அவள் கவிதைகளை அச்சிட யாரும் துணியவில்லையாம். நண்பர்கள் தட்டச்சு செய்து கைக்குக் கை மாற்றிப் படித்தார்களாம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையைப் பற்றி நானும் சொன்னேன். அரைகுறை ஆங்கிலத்திலேயே அன்றிலிருந்து எங்கள் பேச்சு ஓயவில்லை. இங்கே வந்தபின் அவளுக்குக் கவிதை நின்றுபோய், கதைதான் வந்தது. "கவிதைக்குத் தெருவில் என் மொழி கேட்க வேண்டும். கதைக்கு ஞாபகம் போதும்" என்றாள்.

சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, அங்குள்ள இதழ் ஒன்று அவளுடைய பழைய கவிதைகளை வெளியிட்டது. ஆசையாகப் பிரித்தவள் பக்கத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். பெயரைச் சுற்றிக் கறுப்புக் கட்டம். இறந்தவர்களின் பெயருக்கு அங்கே அப்படிப் போடுவார்களாம். நாட்டை விட்டுப் போனவள் செத்திருப்பாள் என்று நினைத்துவிட்டார்கள். அன்று மதியச் சாப்பாட்டைத் தொடாமல் அழுதாள். அந்தக் கட்டத்தை உடைக்க வேண்டும் என்ற ஒரே பிடிவாதத்தில், கவிதையும் கதையுமாக ஒரு புத்தகம் சேர்த்தாள். சில வருடங்களில் அது மொஸ்கோவில் அச்சாகி வந்தது.

வெளியீடு மெல்பேர்னில் ஒரு நூலக மண்டபத்தில். எழுத்தாளரை வெறுங்கழுத்தோடு மேடையேற்ற எங்கள் ஆட்களுக்கு மனம் வருமா? வீட்டுச் செவ்வந்தியில் மாலை கட்டிக்கொண்டு போய், எல்லோருக்கும் முன்னால் அவள் கழுத்தில் போட்டேன். முன்வரிசையில் ஒரு ரஷ்ய மூதாட்டி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்த என் கணவர் மேடையடிக்கு ஓடிவந்தார்.

"இஞ்சேரும், பூ வளையம் செத்த ஆக்களுக்குத்தானாம். ரெட்டை எண்ணில பூக் குடுக்கிறதும் அப்பிடித்தானாம். கெதியாக் கழட்டும்!"

கறுப்புக் கட்டத்தைத் தொலைக்க வந்தவளுக்கு மலர் வளையம் வைத்துவிட்டேன். மாலையை எடுக்கப் போனேன். கலீனா தடுத்தாள்.

"உங்கள் ஊரில் இது யாருக்கு?"

"உயிரோடு இருக்கிற பெரியவர்களுக்கு" என்றேன். இறந்தவர்களுக்கும் போடுவோம் என்பதை விழுங்கிவிட்டேன்.

அவள் ஒலிவாங்கியைப் பிடித்தாள். "எங்கள் நாட்டில் கவிஞருக்குப் பூ வளையம் கிடைக்க அவர் சாக வேண்டும். இவளுடைய ஊரில் காத்திருக்க வேண்டியதில்லை." சிரிப்பும் கைதட்டலும் அடங்க வெகுநேரமாயிற்று. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இரண்டாவது புத்தகத்தின் பின்னட்டைக்கு அன்று அந்த மாலையோடு எடுத்த படத்தைத்தான் அனுப்பினாள். வாசகர்கள் தவறாக நினைப்பார்கள், வேறு படம் தாருங்கள் என்று பதிப்பாளர் எழுதினாராம். அவள் மசியவில்லை. அந்தப் புத்தகம் என் அலுமாரியில் தமிழ்ப் புத்தகங்களுக்கு நடுவில் இருக்கிறது. உள்ளே ஓர் எழுத்துக்கூட எனக்கு வாசிக்கத் தெரியாது. பின்னட்டையில், டண்டினொங்கில் பூத்து யாழ்ப்பாணத்து முடிச்சில் கோத்த செவ்வந்தி ரஷ்யக் கவிஞரின் கழுத்தில் கிடக்கிறது. அதில் எத்தனை பூ என்று அவள் இன்றுவரை கேட்கவில்லை. நானும் எண்ணவில்லை.