அறுபத்தொரு ஓம்

சுமித்திரா மிஸ்ஸுக்கு நடந்து பழக்கமில்லை, ஓட்டம்தான். காலையில் தீவுக் கிராமமான சுருவிலில் ஸ்கூட்டரை எடுத்தால் மண்டைதீவுச் சந்தி, பண்ணைப் பாலம் எல்லாம் தாண்டி யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வாசலில்தான் கால் ஊன்றுவார். வகுப்பில் அவர் கதிரையில் உட்கார்ந்து இருந்ததைக் கண்டதாக எந்த மாணவரும் சொன்னதில்லை.

வயது முப்பத்தாறு. கொழும்பில் ஆறு வருடம் மென்பொருள் எழுதியவர். பிறகு சொந்தமாகக் கம்பனி தொடங்கி, எட்டு மாதம் மாய்ந்து மாய்ந்து ஒரு செயலியைச் செய்து வெளியிட்டார். அதை ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. வேறு யாராவது என்றால் அந்தக் கதையை மூடி மறைத்திருப்பார்கள். இவர் ஊருக்குத் திரும்பி, விரிவுரையாளராகி, அதையே முதல் நாள் பாடமாக வைத்துவிட்டார்.

பாடத்தின் பெயர் மென்பொருள் தொழில்முனைவு. நான்கு பேர் ஒரு குழு, பதினைந்து கிழமைத் தவணை, பரீட்சைத் தாள் கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. குழுவுக்குச் சொந்தமோ சிநேகிதமோ இல்லாத ஓர் ஆள், இவர்கள் செய்ததைத் தன் தேவைக்குத் தானாகவே பாவிக்க வேண்டும். கேட்கச் சின்ன விசயம்தான். ஆனால் இரண்டு வருடமாக ஒரு குழுவும் அந்தக் கோட்டைத் தொடவில்லை. இந்த வருடம் பீடத்தில் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டார்கள்: இம்முறையும் உண்மையான பாவனையாளர் இல்லையென்றால் பாடம் மூன்று மணித்தியால எழுத்துப் பரீட்சையாக மாறும். சுமித்திராவுக்கு அது தன் உயிரில் பாதியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவதுபோல இருந்தது.

அந்த நேரத்தில்தான் கஜாலினியின் குழு வந்தது. துடிப்பான பெட்டை, வாய் நீளம், மூளை அதைவிட நீளம். குழுவில் இருந்த றொபேட் நெடுந்தீவுப் பொடியன். குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் ஓடும் படகில் இருக்கை முன்பதிவு செய்ய ஒரு செயலி, இதுதான் அவர்களின் யோசனை. தீவில் அறுபத்துநான்கு பேரிடம் போய்க் கேட்டார்கள், பாவிப்பீர்களா என்று. அறுபத்தொரு பேர் ஓம், பாவிப்போம் என்றார்கள். அந்தக் கணக்கைக் கண்டதும் சுமித்திரா மேசையில் தட்டி, வகுப்பு முழுவதையும் கைதட்ட வைத்தார்.

செயலி வெளிவந்தது. மூன்று கிழமையில் பதினொரு பேர் தரவிறக்கினார்கள். பதினொரு பேரும் அதே வகுப்பு.

சுமித்திரா அடுத்த நாளே குழுவை இழுத்துக்கொண்டு குறிகட்டுவான் துறைக்குப் போனார். அங்கே வரிசையில் ஆட்கள் இல்லை, பைகள் நின்றன. ஒரு சாக்குப் பை, ஒரு குடை, ஒரு பிளாஸ்ரிக் வாளி. வைத்தவர்கள் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் இன்னொருவரின் பையைத் தள்ளவில்லை. காசில்லாமல், இணையமில்லாமல், பிசகாமல் ஒரு முன்பதிவு காலம்காலமாக நடந்துகொண்டிருக்கிறது. பிறகு எதற்கு இன்னொன்று?

அப்படியென்றால் ஏன் எல்லோரும் ஓம் சொன்னார்கள் என்று கஜாலினி ஏறக்குறைய அழுதுகொண்டே கேட்டாள். சுமித்திராவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“வெயிலுக்கை வீடு தேடி வந்து கேக்கிற பிள்ளையளிட்ட எங்கட சனம் இல்லை எண்டு சொல்லாது. தேத்தண்ணியும் தந்து ஓமும் தந்திருப்பினம். பிழை என்ர. நான் தீவாள், எனக்கெல்லோ தெரிஞ்சிருக்க வேணும்.”

இனிமேல் ஒருவரிடமும் ‘பாவிப்பீர்களா’ என்று கேட்கக்கூடாது, இன்று காலையில் எதற்காக யாரை ஏசினீர்கள் என்று மட்டும் கேளுங்கள் என்று சொல்லி, நால்வரையும் அப்படியே படகில் ஏற்றிவிட்டார். ஏசுகிற ஆளுக்குத்தான் உண்மையான தேவை இருக்கிறது என்பது அவர் கட்சி.

அந்தக் கேள்வி வேலை செய்தது. மேற்குக் கரையில் மாடு வளர்க்கும் மதலேனா பொரிந்து தள்ளினாள். படகு ஓடினால் பால் யாழ்ப்பாணத்துக்கு, ஓடாவிட்டால் தயிருக்கு. காற்றுக் காலத்தில் படகு ஓடுமா என்று அறிய அவள் நாள்தோறும் படகில் வேலை செய்யும் சரவணமுத்துவுக்குப் போன் அடிக்கிறாள். அதே நேரத்தில் அரைத் தீவும் அவருக்கு அடிக்கிறது. யாருக்கும் லைன் கிடைப்பதில்லை. மதலேனா றொபேட்டுக்குச் சொந்தமா என்றும் நன்றாக விசாரித்தார்கள். நெடுந்தீவில் அது லேசான விசாரணை இல்லை. சொந்தமில்லை.

இருக்கைச் செயலி குப்பைக்குப் போனது. நான்கு நாளில் புதியது எழுந்தது. சரவணமுத்து தன் போனில் ஒரு பொத்தானை அழுத்தினால், படகு ஓடுமா, எத்தனை மணிக்கு என்று பதிந்தவர்கள் எல்லோருக்கும் குறுஞ்செய்தி போகும். அடியில் குழுவின் தொலைபேசி இலக்கம். ஒரு மாதத்தில் நாற்பத்தாறு பேர் பதிந்தார்கள். சுமித்திராவுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

மதிப்பீட்டு நாள் வந்தது. காலை ஒன்பது மணி, மண்டபத்தில் வகுப்பு முழுவதும் இருந்தது. வெளியே காற்று, படகுச் செய்தி இன்னும் வரவில்லை. மதிப்பிட வந்த மூவரில் தலைவரான பேராசிரியர், பதிந்தவர்களின் பட்டியலைப் புரட்டினார். நாற்பத்தாறு பெயரும் போனமுறை கிடைத்த ஓம் மாதிரி மரியாதைக்குத் தந்த பெயராக இருக்கலாமே என்றார். அந்தப் பயம் சுமித்திராவுக்கும் இருந்ததுதான்.

அப்போது மூன்று மதிப்பீட்டாளர்களின் போன்களும் ஒன்றாய்ச் சிணுங்கின: படகு ஒன்பதரைக்கு. கஜாலினி பெருமையாகச் சிரித்தாள். இரண்டு நிமிடம் கழித்து குழுவின் போன் அடித்தது. துண்டித்தாள். மறுபடி அடித்தது. பிறகுதான் அவளுக்கு விசயம் உறைத்தது. மதிப்பீட்டாளர்களுக்குக் காட்டுவதற்காகச் செய்தியை அந்த மூன்று இலக்கத்துக்கு மட்டும் போகும்படி மாற்றி வைத்தவள், தீவை மறந்துவிட்டாள்.

அவள் கையிலிருந்த போனைச் சுமித்திரா வாங்கி, ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தார். மதலேனாவின் குரல் மண்டபத்தை நிறைத்தது.

“எங்கை பிள்ளை செய்தி? அடுத்த வீட்டுக்கும் வரேல்லையாம். பாலை வைச்சுக்கொண்டு நிக்கிறன். உங்களை நம்பித்தானே நான் சரவணமுத்துவுக்கு அடிக்கிறதை விட்டனான். ஏலாது எண்டா முதலே சொல்லியிருக்கலாமெல்லோ.”

சுமித்திராவின் கண் கலங்கிவிட்டது. கொழும்பில் எட்டு மாதம் காத்திருந்தும் அவருக்குக் கிடைக்காத ஏச்சு அது. திரையில் அடுத்த அழைப்பு விழுந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று.

பேராசிரியர் பட்டியலை மூடி வைத்தார்.

“என்னைப் பிறகு பாக்கலாம் கஜாலினி. முதல்ல அந்த மனுசிக்கு மறுமொழி சொல்லும்.”

கஜாலினி படகு ஒன்பதரைக்கு என்றாள். சரி, பாலை அனுப்புறன் என்று சொல்லி மதலேனா போனை வைத்தாள். அன்றைக்குத்தான் சுமித்திரா மிஸ் கதிரையில் இருந்ததை வகுப்பு முதல்முறை கண்டது.