ஆளில்லாத லயம்

இலங்கையில் போர் நடந்த ஆண்டுகளிலும் கண்டியில் மாதம் ஒரு மாலை, நகர நடுவிலிருந்த ஓவியக்கூடங்கள் ஒன்றாகக் கதவு திறந்து புதிய படங்களைக் காட்டும். வாவிப் பக்கமிருந்து மூடுபனி உள்ளேயும் வந்துவிடும். கூடம் கூடமாக, மிதப்பதுபோல நடப்போம்.

அன்று என் படமும் மாட்டியிருந்தது. ஹேவாஹெட்ட தேயிலை மலை, அதன் மடியில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான ஒரு லயம். கண்ணாடி போடாத நீர்வண்ணம். முதலில் வாசல்களில் ஆட்களை வரைந்திருந்தேன். தமிழர்களைத் தாக்கிய கலவரம் அடங்கி அதிக நாளாகவில்லை. நானும் தமிழச்சி, யாராவது ஏதாவது கேட்பார்களோ என்று பயந்து, அத்தனை பேரையும் பனியாகப் பூசி மறைத்துவிட்டேன். “என்ன அமைதி!” என்று வந்தவர்கள் பாராட்டியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

கூடத்தில் தேநீர் பரிமாறும் ராசம்மா அக்கா மட்டும் தட்டோடு நின்றுவிட்டார்.

“இது எங்க லயமாச்சே டீச்சர். ஆளுங்களக் காணோமே? எல்லாரும் பயந்து வடக்க வன்னிக்குப் போயிட்டாங்களா?”

“பனி அக்கா, அதான் தெரியல” என்று மழுப்பினேன்.

“பனியிலயும் நாங்க நிப்போமே. இந்தா, இங்கதான் நான் நிப்பேன்” என்று மூன்றாவது வாசலைத் தொட்டார். விரலில் தேநீர் ஈரம். வாசலில் பழுப்பாக ஒரு கறை ஊறியது.

“ஐயோ, கெடுத்துட்டேனே!”

துடைக்கக் கைக்குட்டையை எடுத்தேன். கறை, முக்காடு போட்ட ஒரு பெண் நிற்பதுபோலவே இருந்தது. கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

படம் இன்றும் என் வீட்டுச் சுவரில்தான். அந்த மலையிலிருந்து ஆட்களை விரட்டியவர்களில் நானும் ஒருத்தி. ஒருவர் மட்டும் என்னைக் கேட்காமலே திரும்பி வந்து நிற்கிறார்.