பின் சீட் இல்லாத வண்டியில் பின்னால் வருபவர்

எங்கள் ஊர் பைக் ரேஸ் சாம்பியனின் வண்டியில் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்து வருகிறாராம். சலூனில் கேள்விப்பட்டேன். "தையல்கடை வளைவுல நல்லாப் பாருங்க சார், வண்டி பின்னால அமுங்கும்" என்றார் முடி வெட்டுபவர். கத்தி அவர் கையில் இருந்ததால் நம்பினேன். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது: ரேஸ் வண்டிக்குப் பின் சீட்டே கிடையாதே!

ஊர்த் தெருக்களை அடைத்து நடத்தும் பந்தயத்தில் ஐந்து முறை கோப்பை வாங்கியவர் சாம்பியன். மற்ற நாட்களில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஆமை அதை ஓவர்டேக் செய்துவிட்டு ஹார்ன் அடிக்கும்.

அவர் வீட்டு ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக், அவர் மனைவியின் தம்பி.

"பின் ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் தளர்ந்துதான் வருது சார். மாமா எடை ஏறல. அக்கா சமையல் அப்படி."

"கேட்டுச்சுடா!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அந்த வேகத்தில் வளைவைப் பார்த்த பிறகு பிரேக் பிடித்தால் ஆஸ்பத்திரியில்தான் நிற்கும். அதனால் ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே ஓர் அடையாளம் வைத்துக்கொள்வார்கள்: கம்பம், கேட், காரை பெயர்ந்த சுவர். அசைகிற எதையும் வைக்கக் கூடாது என்பது பாலபாடம். தையல்கடை வளைவுக்குச் சாம்பியன் வைத்தது ஒரு மனிதரை. மேடேறி இறங்கியதும் ஜன்னலில் தெரியும் டைலரின் தலைதான் அடையாளம்.

"கம்பத்தையாவது பிடுங்கி நடுவாங்க. டைலர் அண்ணன் அசையவே மாட்டார் சார்" என்றார் சாம்பியன்.

அந்தத் தலையை நம்பி நாலு கோப்பை. கிழிந்த தோல் உடுப்பைத் தைத்துக் கொடுத்ததும் டைலர்தான். கூலி வாங்கவில்லை. "ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போப்பா, போதும்" என்றாராம். "கடை வாசல்ல ஏத்தி, அங்கேயே இறக்கி விடுறேண்ணே" என்று இவரும் வாக்குக் கொடுத்தார்.

ஐந்தாவது பந்தயத்தன்று காலையில் டைலர் தூக்கத்திலேயே போய்விட்டார். இவரிடம் யாரும் சொல்லவில்லை. மேடு இறங்கினால் ஜன்னல் சாத்தியிருக்கிறது.

"என்ன செஞ்சீங்க?"

"நான் எங்க செஞ்சேன்? தோள்ல ரெண்டு தட்டு விழுந்துச்சு. அளவெடுக்கறப்ப 'திரும்புப்பா'ன்னு தட்டுவாரே, அதே மாதிரி. பிரேக்கைப் பிடிச்சுட்டேன்."

அன்றிலிருந்து அந்த வளைவில் தட்டு தவறியதில்லையாம்.

மச்சினன் தோல் உடுப்பை எடுத்துக் காட்டினான். முதுகில், தோளுக்குக் கீழே, டைலர் சாக்பீஸால் போட்ட மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. "துடைச்சு வெப்பேன் சார். அடுத்த தடவை ஓட்டிட்டு வந்தா மறுபடி இருக்கும்."

"நீ போட்டதுதானே?"

"எனக்கு நேர்கோடே வராது சார். என் மீசையைப் பாருங்க."

பார்த்தேன். உண்மைதான்.

மனைவி வெளியே வந்தார். "ஞாயித்துக்கிழமை மறுபடி ரேஸ். என்னங்க, அதுக்கு முன்னாடி கடை வாசல்ல வண்டியை நிறுத்தி, 'இறங்குங்கண்ணே'ன்னு சொல்லிட்டு வந்துடுங்க. வீட்ல தையல் மிஷின் சத்தம் கேக்குது. நம்ம வீட்ல மிஷினே கிடையாது."

"அவர் இறங்கிட்டா ஞாயித்துக்கிழமை யாருடி தட்டுவா?"

"கம்பத்தைப் பாத்து பிரேக் பிடிங்க."

"பாத்தேன். கம்பத்துக்கு என் மேல அக்கறை இல்ல."

மச்சினன் ஸ்பிரிங்கை இறுக்கினான்.

என்னைத் தம் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார் சாம்பியன். வழியெல்லாம் வேன் வேகம். தையல்கடை வந்ததும், "நிறுத்துங்களேன், சொல்லிடுங்க" என்றேன். ஸ்கூட்டர் பறந்தது. எனக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம் என்றால் கை வைக்க இடமில்லை. இத்தனைக்கும் நான் ஒல்லி.

என் வீட்டு வாசலில் நிறுத்தினார். "இறங்குங்க சார்" என்றவர், சட்டென்று தலையைத் திருப்பி, பதற்றமாகச் சேர்த்துக்கொண்டார்:

"நீங்க மட்டும்."