ஓரத்தில் எழுதியவள்

சினூதிஸ் மனு எழுதிப் பிழைத்தவள். எங்கள் நகரத்தின் மேற்குத் தூண் வரிசையில், வெங்காயம் விற்கிறவனுக்கும் செருப்புத் தைக்கிறவனுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பாள். கழுதையைத் திருட்டுக் கொடுத்தவன், வாய்க்கால் தண்ணீர் வராதவன், படையில் இருக்கும் மகனுக்குக் கடிதம் எழுத வந்த தாய் என்று யாராவது எப்போதும் அவள் எதிரில் குந்தியிருப்பார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, கடைசியில் "இவருக்கு எழுத்து தெரியாது, அவருக்காக நான் எழுதினேன்" என்று தன் பெயரைப் போடுவாள்.

அவளுடைய அப்பா ஒரு பெரிய வீட்டில் புத்தகச் சுருள்களைப் பிரதியெடுத்த அடிமை. எஜமான் சாகும்போது உயிலில் அவருக்கு விடுதலை எழுதி வைத்தார். மகளுக்கு ஏழு வயதிலேயே நாணல் பேனாவைக் கையில் கொடுத்துவிட்டார் அப்பா. அவள் கையெழுத்தில் அலங்காரம் கிடையாது. ஆனால் பத்தடி தள்ளி நின்றாலும் படிக்கலாம்.

"பொம்பள எழுதின மனுவை அதிகாரி தொடுவாரா?" என்று வெங்காயக்காரன் ஒருநாள் கிண்டல் செய்தான்.

"உன் வெங்காயத்தை வாங்குறவங்க, இது ஆம்பள வெங்காயமான்னு கேட்டா வாங்குறாங்க?" என்றாள் அவள், எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலை நிமிராமல்.

நான் ஹோரியோன். நகரத்து ஆவணக் காப்பகத்தில் எழுத்தனாக இருந்தேன். அவளை எனக்குத் தெரியவந்தது எங்கள் வாசிப்புக் கூட்டத்தில்தான். கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, முதலில் மூன்று பேர். ஊர்ப் பெரிய குடும்பத்துப் பையன்களை மட்டும் சேர்க்கும் பயிற்சிக்கூடத்தின் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற எபிமாக்கஸ், நிலபுலன் உள்ள விதவை சரப்பியாஸ், அப்புறம் நான். ஒருவரிடம் இருக்கும் சுருளை மற்றவர் வாங்கிப் பிரதியெடுத்துக்கொள்வோம். மாதத்தில் இரண்டு நாள் சரப்பியாஸ் வீட்டு முற்றத்தில் அமர்ந்து படிப்போம். பழைய ஏதென்ஸ் நகைச்சுவை நாடகங்கள் என்றால் எங்களுக்கு உயிர். எழுதி ஐந்நூறு வருடம் ஆகிவிட்டதால் பாதி வேடிக்கை எங்களுக்கு விளங்காது என்பது வேறு விஷயம்.

ஒருமுறை சரப்பியாஸ் ஒரு நாடகத்தைப் பிரதியெடுக்க சினூதிஸிடம் கொடுத்தாள். பழைய வரி ரசீதுகள் எழுதிய தாள்களின் வெறும் பின்புறத்தில் எழுதி, நாடகம் சுருளாகத் திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுத் தாள்: "பதினேழாம் பத்தியில் வேலைக்காரன் கேள்வி கேட்கிறான், யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு வரி விழுந்துவிட்டது." சரப்பியாஸ் அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். வேறு சுருளோடு ஒப்பிட்டோம். உண்மையிலேயே ஒரு வரி இல்லை.

"இவளைக் கூட்டிட்டு வரப் போறேன்" என்றாள் சரப்பியாஸ்.

"தூண் வரிசையில குந்தியிருக்கிறவளையா?" என்றார் எபிமாக்கஸ்.

"ஆமா. நாம மூணு பேரும் சேர்ந்து கண்டுபிடிக்காததை அவ ஒருத்தி கண்டுபிடிச்சாளே."

முதல் நாள் சினூதிஸ் சுவரோரமாகத் தரையில் உட்காரப் போனாள். சரப்பியாஸ் அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். "இங்க உக்காரு தங்கச்சி. இது உன் இடம்." அன்று அவள் பருப்புக் கூழையும் ஊறவைத்த மீனையும்கூடத் தொடவில்லை. வெளியே வந்தபோது என்னிடம், "அண்ணே, எனக்கு நாற்காலி போட்டது இதுதான் முதல் தடவை" என்றாள்.

அதற்கப்புறம் பதினொரு வருடம் அந்த நாற்காலி அவளுடையது.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. விளங்காத சொல் எதையும் விடமாட்டாள். ஒரு நாடகத்தில் மனைவி கணவனை "வாய் உடைந்த குடமே" என்று திட்டுவாள். ஓயாமல் பேசுகிறவன் என்று நாங்கள் அர்த்தம் பண்ணிக்கொண்டோம். சினூதிஸுக்கு அது ஒப்பவில்லை. ஒரு மாதம் கழித்து முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"துறைமுகத்துல மோஸ்கஸ்னு ஒரு குயவர் இருக்காரு, தீவுலேர்ந்து வந்தவரு. அவரைக் கேட்டேன். வாய் உடைஞ்ச குடத்துல மூடி ஒட்டாதாம். உள்ள இருக்கிற மது புளிச்சுப் போயிடுமாம். அவ சொல்றது, 'நீ புளிச்சுப் போனவன்'னு!"

எபிமாக்கஸ் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "அடிப் பாவி, என் பொண்டாட்டி காதுல மட்டும் போட்டுடாதே!"

இப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டதையெல்லாம் சுருளின் அகன்ற ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதி வைப்பாள். சொன்னவர் பெயரையும் விடாமல் எழுதுவாள். "மோஸ்கஸ், குயவர்." "தொனிஸின் மாமியார், நெசவுக்காரி." "கோயில் வாசல் பூக்காரி." பதினொரு வருடத்தில் இருபத்து மூன்று சுருள்களின் ஓரம் நிறைந்துவிட்டது. எல்லாம் சரப்பியாஸ் வீட்டுப் பெட்டியில்தான் இருந்தன. சினூதிஸின் ஒற்றை அறையில் எலித் தொல்லை.

அந்தச் சமயத்தில் எபிமாக்கஸுக்குக் கண் மங்க ஆரம்பித்திருந்தது. ஒரு குளிர்காலத்தில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். சரப்பியாஸின் பெட்டியில் இருந்த சுருள்களையெல்லாம் அவர் தன் வீட்டுக்கு வாங்கி வந்திருந்தார்.

"ஓரத்துல இருக்கிறதை மட்டும் தனியா எடுத்து எழுதிக் குடு. யார் சொன்னாங்கங்கிறதெல்லாம் வேண்டாம்."

"சினூதிஸுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியவேண்டிய நேரத்துல தெரியும்" என்றார்.

காப்பகத்து வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர். அதற்குமேல் நான் கேட்கவில்லை. நாற்பது நாள் உட்கார்ந்து எழுதினேன். குயவரையும் நெசவுக்காரியையும் பூக்காரியையும் ஒவ்வொருவராக விட்டுவிட்டு எழுதினேன். சுருள்கள் சரப்பியாஸின் பெட்டிக்குத் திரும்பின. நான் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு அவருடைய மருமகன் அலெக்சாந்திரியாவுக்குப் படகேறினான்.

அறுவடை முடிந்த சமயம், அங்கிருந்து புத்தம்புதிய சுருள் ஒன்று வந்தது. எபிமாக்கஸ் தன் வீட்டில் விருந்து வைத்தார். நகர மன்றத்துக்காரர்கள், பயிற்சிக்கூட ஆசிரியர்கள் என்று முப்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். எங்கள் கூட்டத்தில் வாசிப்பவள் எப்போதும் சினூதிஸ்தான். அவள் குரலில் கிழவனும் வருவான், குடிகாரனும் வருவான். அன்றும் அவளைத்தான் வாசிக்கச் சொன்னார். இன்றுவரை எனக்கு விளங்காதது இதுதான். அவள் கண்டுகொள்ள மாட்டாள் என்று நினைத்தாரா, கண்டுகொண்டாலும் வாய் திறக்க மாட்டாள் என்று நினைத்தாரா?

சுருளில் தொங்கிய தலைப்புச் சீட்டை அவள் உரக்கப் படித்தாள். "பழைய நாடகங்களின் அருஞ்சொற்களுக்கு எபிமாக்கஸ் எழுதிய விளக்கம்." அவரைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்துவிட்டுத்தான் வாசிக்கத் தொடங்கினாள்.

முதல் பத்தியில் குரல் லேசாகத் தயங்கியது. மூன்றாம் பத்தியில் வாய் உடைந்த குடம் வந்தது. "நான் தீவுகளில் பயணம் செய்தபோது குயவர்களிடம் கேட்டறிந்தது" என்று அதில் இருந்தது. அவள் நிறுத்தி எபிமாக்கஸைப் பார்த்தாள். பிறகு சரப்பியாஸை. சரப்பியாஸ் தன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து என்னைப் பார்த்தாள். நான் கீழே கிடந்த அத்திப்பழத் தோலைப் பார்த்தேன்.

அவள் வாசித்து முடித்தாள். ஒரு சொல்லும் பிசகவில்லை. ஆனால் எல்லாமே ஒரே குரலில் வந்தது. கிழவனும் இல்லை, குடிகாரனும் இல்லை. முப்பது பேரும் கைதட்டினார்கள்.

"ஐயா" என்றாள் சினூதிஸ். "எந்தத் தீவுல கேட்டீங்க?"

எபிமாக்கஸ் இமைக்கவில்லை. "ரோட்ஸ்ல."

எனக்குத் தெரிந்து அவர் எங்கள் ஆற்றங்கரை மெம்பிஸ் நகரத்தைத் தாண்டியதில்லை. படகில் கால் வைத்தாலே வாந்தி எடுப்பவர்.

"அந்தக் குயவர் பேரு என்னங்க ஐயா?"

"ரொம்ப நேரம் வாசிச்சிட்டே, தொண்டை வறண்டிருக்கும். உள்ள போய் ஏதாவது குடிம்மா" என்றார் அவர். வேலைக்காரியிடம் பேசும் குரல் அது. விருந்தினர்களில் இரண்டொருவர் சிரித்தார்கள். அவள் சுருளை ஒழுங்காகச் சுற்றி, சீட்டு வெளியே தெரியும்படி வைத்துவிட்டு வாசல் வழியாக வெளியே போனாள்.

மறுநாள் காலையில் சரப்பியாஸ் வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் சரப்பியாஸ்தான் என்னை வரச்சொல்லியிருந்தாள்.

"அக்கா, அந்தக் குடம் வர்ற நாடகச் சுருளை எடுத்துக் குடுங்க. ஓரத்துல என் எழுத்து இருக்கு. மன்றத்துல கொண்டுபோய்க் காட்டினா போதும். நான் வேற ஒண்ணும் கேக்கலை. மோஸ்கஸ் பேரும் என் பேரும் அதுல இருக்கணும், அவ்வளவுதான்."

சரப்பியாஸ் நகரவில்லை. பூட்டாமல் கிடந்த பெட்டியைச் சினூதிஸ் தானே திறந்தாள். ஒரு சுருளை விரித்தாள். நாடகம் இருந்தது, ஓரம் வெறுமையாக இருந்தது. எழுத்து இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஈரம் காய்ந்த கறை மட்டும். இன்னொன்றை விரித்தாள். பிறகு இன்னொன்று. இருபத்து மூன்றையும் விரித்துப் பார்த்தாள். எங்கள் மைக்கு நனைத்த பஞ்சு ஒன்று போதும், அழிந்துவிடும்.

"எபிமாக்கஸ் ஆள் அனுப்பினாரா அக்கா?"

சரப்பியாஸ் குனிந்து, விரிந்து கிடந்த சுருள்களைச் சுற்றத் தொடங்கினாள்.

"இந்தப் பெட்டிச் சாவி எப்பவும் உங்க இடுப்புலதான் இருக்கு."

"நான்தான் துடைச்சேன்" என்றாள் சரப்பியாஸ். "என் பையனைப் பயிற்சிக்கூடத்துல சேர்க்க அவர் கையெழுத்து வேணும்டி. அது இல்லேன்னா அவனுக்கு இந்த ஊர்ல என்ன இருக்கு? அதுவுமில்லாம, நல்லா யோசிச்சுப் பாரு. விடுதலையான அடிமையோட மக எழுதினதுன்னா அலெக்சாந்திரியாவுல எவன் வாங்கிப் படிப்பான்? இப்ப நாலு பேர் படிக்கிறாங்க. நீ கண்டுபிடிச்சதுதானே படிக்கிறாங்க?"

"அப்ப எதுக்குக்கா எனக்கு நாற்காலி போட்டீங்க?"

சரப்பியாஸ் அழ ஆரம்பித்தாள். சினூதிஸ் அழவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீங்க காப்பகத்துல இருக்கீங்க. உங்க வார்த்தைக்கு மதிப்பு இருக்கு. அந்த ஓரத்துல என் எழுத்தைப் பதினொரு வருஷம் பார்த்தேன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க."

"சினூதிஸ், எனக்குக் குடும்பம் இருக்கும்மா" என்றேன்.

அவள் ஒரு சுருளின் வெறும் ஓரத்தை விரலால் தடவினாள். "எபிமாக்கஸ் ஐயாவுக்குக் கண்ணு மங்கி ரெண்டு வருஷம் ஆகுது" என்றாள் மெதுவாக. "ஓரத்துல இருக்கிற பொடி எழுத்தை அவரால படிச்சிருக்க முடியாது. யாரோ உக்காந்து எடுத்துக் குடுத்திருக்காங்க." என் விரல்களில் மைக்கறை இருந்தது. எழுத்தன் கையில் எப்போதும் இருப்பதுதான். இருந்தும் கையை மேலங்கிக்குள் இழுத்துக்கொண்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஊர்ல இருக்கிற அத்தனை பேருக்கும் மனு எழுதறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். "என் மனுவை எழுதி யார்கிட்ட குடுக்கிறது?"

அவள் மனு போடவில்லை. சாட்சி இல்லாத மனு எங்கே போய் முடியும் என்பது அவளுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். வாசிப்புக் கூட்டத்துக்கும் பிறகு வரவில்லை. இரண்டு முறை நாங்கள் மூவர் மட்டும் கூடினோம். எபிமாக்கஸ் கண் தெரியாமல் உட்கார்ந்திருக்க, சரப்பியாஸ் தடுமாறித் தடுமாறி வாசித்தாள். விளங்காத சொல் வந்தபோது அதைத் தாண்டிப் போனோம். மூன்றாவது முறை யாரும் கூப்பிடவில்லை. சரப்பியாஸின் மகன் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தான்.

எபிமாக்கஸ் செத்து இரண்டு வருடம் கழித்து நான் தூண் வரிசைக்குப் போனேன். நான் பயப்பட வேண்டிய ஆள் இனி இல்லை. நடந்தது அத்தனையையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, காப்பகத்து முத்திரையும் வைத்து எடுத்துப் போயிருந்தேன்.

சினூதிஸ் அதை வாங்கி முழுக்கப் படித்தாள். எழுத்துப் பிழை ஒன்று இருந்தது. பேனாவை எடுத்து அதைத் திருத்தினாள். பிறகு தாளை என்னிடமே நீட்டினாள்.

"மோஸ்கஸ் போன வருஷம் செத்துப் போயிட்டாரு" என்றாள். "என் பேரு அந்தப் புத்தகத்துல வரணும்னு நான் ஒரு வரி கேட்டப்போ நீங்க தரலை. இப்ப ராத்திரி தூக்கம் வரலைன்னு கொண்டுவந்திருக்கீங்க. இது உங்களுக்காக எழுதினது அண்ணே. நீங்களே வெச்சுக்குங்க."

"என்னை மன்னிக்கக் கூடாதா?"

"கூடாது" என்றாள். அதில் கோபம் இல்லை. என் பின்னால் ஒரு கிழவி கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். "கொஞ்சம் தள்ளிக்குங்க. அந்தம்மா ரொம்ப நேரமா வெயில்ல நிக்கிறாங்க."

நான் தள்ளி நின்றேன். கிழவி உட்கார்ந்து தன் மருமகனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். சினூதிஸ் பேனாவை மையில் தொட்டு, கிழவியின் பெயரைக் கேட்டு எழுதத் தொடங்கினாள்.