சாடிக்குள் சுண்ணாம்பு

மோசல் ஆற்றங்கரைக்கு மகள் என்னைக் கூட்டிப் போயிருந்தாள். அங்கே வைன் செய்கிற ஜெர்மன்காரர் பீப்பாயில் காதை வைத்துக் கேட்கச் சொன்னார். உள்ளே புசுபுசுவென்று இரைந்தது. இந்த வயதிலும் சட்டென்று காதை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் புகையிலைக்காரரைத் திராட்சை நட வைத்தவர் என் குஞ்சியப்பு, அதாவது என் அப்பாவின் தம்பி. அப்படி ஒருவர் வேறெந்த ஊரிலும் இல்லை. கொழும்புக்கு ஏற்றிய பழம் வழியிலேயே அழுகியதால், வைன் செய்து காட்டுகிறேன் என்று பெரிய சாடியில் சாறு பிழிந்து வைத்தார். அது பழுதானால் கொடியை வெட்டிவிட்டுப் புகையிலைக்கே திரும்புவதென்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

"ஈ விழாமப் பாத்துக்கொள்ளடி பிள்ளை" என்று எட்டு வயதுக்காரி என்னைக் காவல் வைத்தார்.

மூன்றாம் நாள் சாடி இரைந்தது. நுரை தள்ளிப் புளித்த மணம் வந்தது. சாறு பழுதாகிறதென்றே நினைத்தேன். குஞ்சியப்பு தோட்டத்தில் நின்றார். பனஞ்சாறு புளித்துக் கள்ளாகாமலிருக்க மரத்தில் கட்டும் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவது எங்கள் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? பெரியம்மாவின் வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பு முழுவதையும் வழித்துப் போட்டுக் கலக்கினேன். சீறிவிட்டு அடங்கியது. ஊரையே காப்பாற்றிய நினைப்பு எனக்கு.

பிறகு தோட்டக்காரர்கள் ருசி பார்க்க வந்தார்கள். மூத்தவர் ஒரு வாய் குடித்துத் துப்பினார்.

"என்ன தம்பி, வைன் எண்டு கூப்பிட்டு மதிலுக்கு அடிக்கிற வெள்ளையைத் தாறீர்?"

எல்லோரும் சிரித்தார்கள். குஞ்சியப்பு சாடிக்குள் கைவிட்டு அடி வண்டலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சுண்ணாம்பு பட்டுத் தோலுரிந்திருந்த என் விரல்களைப் பார்த்தார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"என்ர கைப்பிழை, அண்ணை. இன்னொரு சாடி வைக்கிறன். அதுவரைக்கும் கொடியிலை கத்தி வைக்காதையுங்கோ."

முணுமுணுத்துக்கொண்டு பொறுத்தார்கள். அடுத்த சாடிக்கும் என்னையே காவல் வைத்தார். "இரைஞ்சா இரையட்டும்" என்று மட்டும் சொன்னார். அது இரைந்த நாளெல்லாம் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கியபடி இருந்தேன். அந்த வைனைக் குடித்த பிறகு யாரும் கொடியில் கை வைக்கவில்லை. பக்கத்து ஊர்களிலும் பந்தல் எழும்பியது.

நானோ, குஞ்சியப்புவுக்கு ஒன்றும் பிடிபடவில்லையென்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.