கடைசிப் பக்கத்தில் அம்மா எழுதியது

"1932, தை. கதாநாயகியைச் சாகடித்திருக்க வேண்டாம். ஆசிரியருக்குக் கதையை முடிக்கத் தெரியவில்லை." நேற்றுக் கிடைத்த பழைய நாவலின் கடைசிப் பக்கத்தில் அம்மாவின் பென்சில் எழுத்து.

மலாயாவில் நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், பக்கத்து வீட்டுக் கமலம் பெரியம்மாவுக்கு மட்டுமே ஊரிலிருந்து நாவல்கள் கப்பலில் வரும். இரவல் வாங்கியவர்கள் கடைசிப் பக்கத்தில் அபிப்பிராயம் எழுத வேண்டும். அடுத்த புத்தகத்துக்காக எல்லோரும் "அருமை" என்றே எழுதினார்கள்.

பெரியம்மா வேலியோரம் வந்தார். "என்னடி, நான் மூணு நாள் அழுத கதையைப் போயி இப்படி எழுதிட்டே?"

"நானுந்தான் அழுதேன் அக்கா. அதுக்காக நல்ல கதைன்னு எழுத முடியுமா?"

இனிப் புத்தகமே வராது என்று பயந்தேன். பெரியம்மா அடுத்த நாவலை நீட்டினார். "இதுக்கும் எழுது. மத்தவளுங்க படிச்சாளுங்களான்னே தெரியல."

படித்த புத்தகங்களைப் பற்றி இன்றும் நான் ஒளிக்காமல் எழுதுவது இவர்கள் இருவராலும்தான்.

அம்மாவின் வரிக்குக் கீழே வேறு கையெழுத்தில், "எனக்கும் அப்படித்தான் பட்டது." பெரியம்மாவுடையதா என்பதை இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.